தையலுக்கு விட்ட ஒரு பல்

"மேல் சக்கரத்துல ஒரு புள்ளி இருக்கும், பாரு."

"எந்தப் புள்ளியைச் சொல்றீங்க? இங்க நாப்பது புள்ளி இருக்கு."

"நாப்பதா?"

"கிரீஸ் புள்ளி, துருப் புள்ளி, நீங்க தும்மின புள்ளி..."

"துணியை எடுத்துத் துடைடி! துடைச்ச பிறகும் போகாம நிக்குது பாரு, அதுதான் புள்ளி!"

மெக்கானிக் தன் ஷெட்டின் நடுவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணிலும் பஞ்சு, அதன் மேல் தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டு. கையில் வேலை இல்லாததால் ஒரு ஸ்பானரை வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். மூன்றடி தள்ளி, மூடி திறந்த காருக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றவள் அவருடைய மனைவி. தெருவுக்கே தையல்காரி. கத்தரிக்கோலைத் தவிர வேறு இரும்பை அவள் தொட்டு அவர் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்க முடியாது, அது வேறு விஷயம்.

திங்கட்கிழமை வந்த வினை இது. இதே காருக்குச் சைலன்சரில் ஒரு சின்ன வெல்டிங். முகமூடி ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. "அஞ்சு நிமிஷ வேலைக்கு அதை வேற மாட்டணுமா?" என்று வெறுங்கண்ணோடு பற்றவைத்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் கண்ணுக்குள் மணலைக் கொட்டித் தேய்த்த மாதிரி ஆகிவிட்டது. கண் ஆஸ்பத்திரியில் அவர் போட்ட கூச்சலில் டாக்டர் சொன்னது, நர்ஸ் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. எல்லாவற்றையும் மனைவிதான் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"ஏழு நாள் கட்டு. நடுவுல திறந்தா பார்வைக்கு உத்தரவாதம் இல்லையாம்" என்றாள். தினமும் காலையில் அறைக் கதவைச் சாத்தி, அவரைக் கண்ணை இறுக்க மூடச் சொல்லி, அவளே கட்டையும் மாற்றினாள்.

இன்று வெள்ளிக்கிழமை. கார் ஒரு பல் டாக்டருடையது. இன்ஜினை முழுசாகப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டி, மூன்று வாரமாக அவர் செய்த வேலை. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்றுதான், டைமிங் பெல்ட். நாளைக் காலையில் டாக்டர் வெளியூரில் ஒரு பல் முகாமுக்குப் போக வேண்டும். "இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வண்டி ஓடணும். ஓடலைன்னா கயிறு கட்டி எதிர்த்தாப்புல இழுத்துட்டுப் போயிடுவேன்" என்று காலையிலேயே போன் வந்துவிட்டது.

எதிர்த்தாப்பில் கண்ணாடிக் கதவு போட்ட புது ஒர்க்‌ஷாப். உள்ளே ஏசி. வேலை செய்கிறவன் சட்டையில்கூட அழுக்கு இருக்காது. அதுவே மெக்கானிக்குக்குக் கோபம். பதினெட்டு வருஷத்தில் அவருடைய ஷெட்டுக்குள் கயிற்றில் வந்த வண்டி உண்டு. கயிற்றில் வெளியே போன வண்டி கிடையாது. அதுதான் அவருடைய போர்டு, பட்டம், பதக்கம் எல்லாம். அது இன்றைக்கு எதிர்க்கடைக்காரன் கண்ணெதிரே போகப் போகிறது.

"நான் போடறேனே. பெல்ட்டுதானே? நான் தைக்காத பெல்ட்டா?" என்று காலையில் மனைவி கேட்டபோது அவர் சிரித்தார். பத்து மணிக்குச் சிரிப்பு நின்றது. பத்தரைக்கு, "சரி வா" என்றார்.

விஷயம் சின்னதுதான். மேலே ஒரு பெரிய பல் சக்கரம், கீழே ஒரு சின்ன பல் சக்கரம். மேல் சக்கரம் வால்வுகளை ஆட்டும். கீழ்ச் சக்கரம் பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும். இரண்டையும் ஒரு பல் வைத்த ரப்பர் பெல்ட் இணைக்கும். இரண்டு சக்கரத்திலும் ஒவ்வொரு புள்ளி. இன்ஜின் உடம்பில் அதற்கு எதிரே ஒவ்வொரு வெட்டு. புள்ளியும் வெட்டும் சேர்ந்து நிற்கும்போது பெல்ட்டை மாட்ட வேண்டும். தப்பாக மாட்டிச் சாவியைத் திருப்பினால் மேலே இருந்து வால்வு இறங்கும், கீழே இருந்து பிஸ்டன் ஏறும், இரண்டும் முட்டிக்கொள்ளும். மூன்று வார வேலை மூன்று விநாடியில் பழைய இரும்பாகிவிடும்.

"புள்ளி கிடைச்சிடுச்சு" என்றாள்.

"கீழ்ச் சக்கரத்துல?"

"அதுலயும் இருக்கு."

"அப்பாடா. ரெண்டும் நேரா இருக்கணும். நேரா வச்சுட்டுச் சொல்லு."

பிறகு ஏதோ சரசரவென்று உருவிய ஓசை. அவருக்கு அந்த ஓசை நன்றாகத் தெரியும்.

"என்னது, அளவு டேப்பா?"

"ஆமா. ரெண்டு புள்ளியும் தரைக்கு நேரா இருக்குங்க. அளந்துட்டேன். நூல் பிசகலை."

"தரைக்கா! தரைக்கு எதுக்குடி நேரா வைக்கிற?"

"கீழ் மடிப்புன்னா தரையிலிருந்துதானே அளக்கணும்? இடுப்பிலிருந்து அளந்தா ஒரு பக்கம் ஏறிக்கும்."

"இது பாவாடை இல்லைடி! வண்டியோட மூக்கு ஜாக்கியில ஒரு முழம் தூக்கிக்கிட்டு நிக்குது. தரைக்கு நேரா வச்சா இன்ஜினுக்குக் கோணல். இரும்புல வெட்டு இருக்கும், அந்த வெட்டுக்கு நேரா!"

"வெட்டுக்கு நேரான்னு சொல்லியிருந்தா வெட்டுக்கு நேரா வச்சிருப்பேன். நேரான்னு மட்டும் சொன்னா எதுக்கு நேரா?"

பதினெட்டு வருஷமாக "நேரா வை" என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களும் வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"சரி, மேல் சக்கரத்தை மெதுவா வலது பக்கமாத் திருப்பு."

"போட்டிருக்கிறவங்க வலதா, எதிர்ல நின்னு பார்க்கிறவங்க வலதா?"

"என்ன போட்டிருக்கிறவங்க?"

"சட்டையில வலதுகைன்னா போடறவங்க வலது. எனக்கு அது இடது. இதுல யாரு வலது?"

"கடிகார முள் சுத்துற பக்கம், தாயே!"

அரைமணி நேரத்தில் புள்ளி வெட்டுக்கு வந்தது. பெல்ட்டும் ஏறியது. மேலேயும் கீழேயும் சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் சேர்த்துச் சாக்குக் கட்டியால் கோடு போட்டு வைத்திருக்கிறேன் என்றாள். அவருக்கே ஆச்சரியம். நல்ல மெக்கானிக்கும் அப்படித்தான் அடையாளம் வைப்பான்.

"பெரிய ஆளுடி நீ. சரி, அந்தக் கோடு எல்லாம் இப்ப ஒரே வரிசையில இருக்கா?"

"கோடா? அதைத் தட்டி விட்டுட்டேனே."

"என்னது?"

"மாட்டி முடிச்சாச்சே. சாக்குக் கோடு தெரியற மாதிரி துணியைக் கொடுத்தா எந்தக் கஸ்டமர் வாங்குவாங்க? பிரஷ் போட்டுச் சுத்தமாத் துடைச்சிட்டேன்."

மெக்கானிக் ஸ்பானரால் தன் முட்டியிலேயே தட்டிக்கொண்டார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டார்கள் என்பது பேச்சுக்குச் சொல்கிற வார்த்தை என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தார்.

"பரவாயில்லை. புள்ளி இருக்குல்ல? மேல் புள்ளி வெட்டுலயே நிக்குதா பாரு."

"நிக்குதுங்க."

"கீழ்ப் புள்ளி?"

"அதுவும் நிக்குது. நிக்குதுன்னா, பக்கத்துல நிக்குது."

"பக்கத்துலன்னா?"

"ஒரு பல்லு தள்ளி."

"ஏன் தள்ளிப் போச்சு?"

"போகலை. நான்தான் தள்ளி வச்சேன்." அவள் குரலில் கொஞ்சம் பெருமையே இருந்தது. "ரொம்பப் பிடிப்பா இருந்துச்சுங்க. தையலுக்குன்னு ஒரு பல்லு விட்டிருக்கேன். நாளைக்கு இறுக்கிடுச்சுன்னா பிரிச்சு விட்டுக்கலாம்ல?"

"இன்ஜின் என்ன, குண்டாகப் போகுதா?" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர் ஒர்க்‌ஷாப்பின் கண்ணாடிக் கதவு திறந்து மூடிய ஓசை கேட்டது. எவனோ எட்டிப் பார்க்கிறான். மெக்கானிக் குரலைத் தாழ்த்தி, மிச்சத் திட்டை எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மனைவி கை துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"டாக்டருங்களா? வணக்கம் டாக்டர். ஆயிடுச்சு, ஆயிடுச்சு. கடைசியில ஒரு பல்லுதான் கொஞ்சம் தள்ளிப் போச்சு... ஆமா, கீழ்ப் பல்லு... இல்ல இல்ல, உடையலை. இப்ப கழட்டிட்டு மறுபடி மாட்டிடலாம்னு சொல்றார்... என்னது? அசைக்கக் கூடாதா? சரிங்க டாக்டர்."

போனை வைத்தாள்.

"என்னவாம்?"

"பல்லைத் தொடவே கூடாதாம். உடனே கிளம்பி வர்றாராம். வீட்டுல சுத்தமான தண்ணி, நல்ல வெளிச்சம் இருக்கான்னு கேக்கறார். நல்ல மனுஷன்ங்க. வண்டி மேல எவ்வளவு அக்கறை!"

மெக்கானிக்குக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். இங்கே பல்லு என்று சொன்னதாலேயே எல்லாம் போச்சு. ஐந்து மணிக்கு வர வேண்டியவர் இப்போதே வருகிறார். வந்து பார்த்தால் பெல்ட் பாதியில் தொங்கும். அவர் கையில் கயிறு தயாராக இருக்கும்.

"நகரு! நானே பார்த்துக்கறேன்!"

"கண்ணு தெரியாம என்னத்தைப் பார்ப்பீங்க?"

"இந்தக் கைக்குக் கண்ணு தேவையில்லை!"

எழுந்தார். எழுந்த வேகத்தில் ஜாக்கிக் கம்பியில் கால் இடறி, காரின் முகப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். பெல்ட்டை உருவினார். மேல் சக்கரத்தை விரலால் தடவித் தடவித் திருப்பினார். ஒரு குழி தட்டுப்பட்டது. "இதோ! இதுதான் வெட்டு! இதைத்தான் ஒரு மணி நேரமாத் தேடினியா?" என்று சக்கரத்தை அந்தக் குழிக்கு நேராக வைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டார்.

"ஏங்க, அது..."

"பேசாதே! கீழே ஸ்பானரைப் போட்டு மெதுவாச் சுத்து. ரெண்டு சுத்து. எங்கயாவது இடிச்சா..."

டக்.

சின்னச் சத்தம்தான். ஆனால் மெக்கானிக்குக்குத் தன் சொந்த எலும்பு முறிந்த மாதிரி இருந்தது.

"போச்சு," என்றார். "வால்வு வளைஞ்சிடுச்சு. எல்லாம் போச்சு."

"போகலை. நான் நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டியா?"

"மெஷின்ல ஊசி பட்டன் மேல இறங்கினா கைச் சக்கரத்துலயே தெரியும்ல? அந்த மாதிரி தெரிஞ்சுது. அழுத்தாம விட்டுட்டேன். ஊசி உடையறது அதுக்கப்புறம் ஒரு அழுத்து அழுத்தறாங்க பாருங்க, அப்பத்தான்." பிறகு அவர் தோளைப் பிடித்து நாற்காலிக்குத் திருப்பினாள். "அது வெட்டு இல்லைங்க. போல்ட் ஓட்டை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்."

மெக்கானிக் உட்கார்ந்தார். கண்கட்டுக்குள்ளே கண் கலங்கியது. கலங்கினால் எரியும். எரிந்தது.

"அழாதீங்க, பஞ்சு நனையும். இப்ப நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. முட்டிக்கிட்டு நிக்கிறதை எப்படிப் பிரிக்கிறது?"

"பெல்ட்டை எடுத்துட்டு, கீழ்ச் சக்கரத்தைக் கால் சுத்து பின்னாடி கொண்டு போ. பிஸ்டன் இறங்கிடும். அப்புறம் மேல் புள்ளியை வெட்டுக்குக் கொண்டு வா. கடைசியில கீழ்ப் புள்ளி."

"கொண்டு வந்த பிறகு பெல்ட் மாட்டும்போது நழுவுது. அதுதான் பிரச்சினை. சாக்குக் கோடு வச்சு ஆகாது, ஓட்டுத் தையல் போடணும்."

"என்ன தையல்?"

அவள் வீட்டுக்குள் போய்வந்தாள். வாயில் நூலைக் கடித்து அறுக்கும் சத்தம் கேட்டது. சட்டைக்குக் கையை வைத்துத் தைப்பதற்கு முன்னால், நழுவாமல் இருக்க நாலு இடத்தில் தளர்த்தியாக ஒரு தையல் போட்டுப் பிடித்துக்கொள்வார்களே, அது. மேல் சக்கரத்தின் ஓட்டைக்குள் முறுக்கு நூலை விட்டுப் பெல்ட்டோடு சேர்த்துக் கட்டினாள். கீழேயும் கட்டினாள். ஒவ்வொரு முடிச்சையும் அவர் விரலைப் பிடித்துத் தொட வைத்தாள். பெல்ட் இனி ஒரு பல்லும் நகர முடியாது. பெல்ட்டைத் தளராமல் பிடிக்கும் இழுப்புச் சக்கரத்தை அவர் சொன்னபடி இறுக்கினாள். நூலை உருவினாள்.

"தையலுக்கு எதுவும் விடலையே?" என்றார் பயந்துகொண்டே.

"உடம்போட ஒட்டி இருக்கு."

"சுத்து. மெதுவா."

அவர் காதைத் தீட்டிக்கொண்டார். ஸ்பானர் நகர்ந்தது. ஒரு "புஸ்". இன்னொரு "புஸ்". மூன்று. நான்கு. ஒவ்வொரு சிலிண்டரும் காற்றைப் பிடித்து விட்டது. ஒரு வால்வுகூட வளையவில்லை. இரண்டு சுற்றும் முடிந்தது.

"மேல் புள்ளி வெட்டுல வந்து உட்கார்ந்துடுச்சு," என்றாள். "கீழ்ப் புள்ளியும்."

"பக்கத்துலயா?"

"வெட்டுலயே."

மூடியைப் போட்டு, பெல்ட்டுப் பக்கத்துச் சாமானை எல்லாம் பூட்டி, ஜாக்கியை இறக்கியதுதான் தாமதம், வாசலில் ஆட்டோ நின்றது. பல் டாக்டர் ஒரு கையில் தோல்பை, தோளில் மஞ்சள் கயிற்றுச் சுருளோடு ஓடி வந்தார்.

"எங்கே பல்லு? வாயைத் திற!"

"டாக்டர், அது..."

"பேசாதே, ஆடும்! ஆ காட்டு!"

விளக்கம் சொல்லவே வாய் வேண்டும். அந்த வாய்க்குள் டாக்டரின் கண்ணாடிக் கம்பி இருந்தது. கீழ் வரிசை முழுக்கத் தட்டிப் பார்த்தார். "தள்ளின பல்லு எதுவும் இல்லையே? ஆனா ஓரத்துல ஒண்ணு சொத்தை. இதை விட்டு வைக்கக் கூடாது" என்று பைக்குள் கையை விட்டார்.

மெக்கானிக் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அதற்குள் மனைவி காருக்குள் ஏறிச் சாவியைத் திருப்பிவிட்டாள்.

கிர்ர்ர் என்று ஒரு இழு. இரண்டு இழு. மூன்றாவது இழுவில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. தட்டல் இல்லை, உதறல் இல்லை. சீராக ஓடியது. எதிரே கண்ணாடிக் கதவு திறந்தது. இந்த முறை ரொம்ப நேரம் மூடவில்லை.

"அட, ஓடுதே!" என்றார் டாக்டர், கையில் குறடோடு. "அப்ப பல்லுன்னு சொன்னது?"

"பெல்ட்டோட பல்லு டாக்டர்!"

டாக்டர் ஒரு நிமிஷம் யோசித்து, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கயிற்றை டிக்கியில் தூக்கிப் போட்டார். "கண்ணைக் கட்டிக்கிட்டே இன்ஜின் பூட்டியிருக்கே. உன்னை விட்டுட்டு நான் எங்கேய்யா போவேன்?"

"நான் பூட்டலை டாக்டர். எல்லாம் இவதான்." என்றார் மெக்கானிக். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், மூன்றாம் மனுஷர் முன்னால் அவளைப் பற்றி அவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்கும் இல்லை என்று தோன்றியது. "இந்தக் கட்டு மட்டும் இல்லைன்னா நானே செஞ்சிருப்பேன், இவ கை எப்பேர்ப்பட்ட கைன்னு எனக்குத் தெரியாமலே போயிருக்கும். இந்த வாரம் பூரா எனக்குக் கண்ணே இவதான்."

மனைவி இன்ஜினை அணைத்துவிட்டு, வேலையில்லாத ஒரு போல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம். தைக்கக் கொடுத்த யூனிஃபார்மை வாங்க, கண் ஆஸ்பத்திரி நர்ஸ் வந்திருந்தாள்.

"அக்கா, என் யூனிஃபார்ம் ஆச்சா?" என்றவள் நாற்காலியைப் பார்த்து அப்படியே நின்றாள். "என்னண்ணே, இன்னும் கட்டோடவா உட்கார்ந்திருக்கீங்க? அதைச் செவ்வாய்க்கிழமை காலையிலேயே அவுத்துடணும், ஷெட்டு வேலையை மட்டும் ஒரு வாரத்துக்குத் தொடவே கூடாதுன்னுதானே சொன்னேன். அக்காதான், 'அவுத்தா இவர் நேரா ஷெட்டு வேலைக்குத்தான் போவார், இன்னும் ஆறு நாளைக்குப் பஞ்சு கொடும்மா'ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க!"